தடுப்பூசிக்குப் பின் தீவனத்தை ஒதுக்கும் பன்றிக்குட்டிகள்: தீவனச் சேர்க்கைகள் அயர்ச்சியைக் குறைக்குமா?

கேள்வி: வெண்பன்றிக் கொட்டில்

வணக்கம். எங்கள் பண்ணையில் பால் மறந்த குட்டிகளுக்குத் தடுப்பூசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியைத்தான் காண்கிறேன். காலையில் ஊசி போட்டால் பிற்பகலுக்குள் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்துவிடுகின்றன. சுருண்டிருக்க வேண்டிய வால் விரிந்து தொங்குகிறது. மாலையில் தொட்டியைப் பார்த்தால், காலையில் கொட்டிய தீவனத்தின் மேல் மூக்குப் பட்ட தடம்கூட இருப்பதில்லை. மறுநாளும் ஏறத்தாழ அப்படியே கழிகிறது. அதற்கடுத்த நாள்தான் மெல்ல எழுந்து தொட்டிக்கு வருகின்றன. எண்ணெய் கலந்த தடுப்பூசியாக இருந்தால் இந்தச் சுணக்கம் இன்னும் நீள்கிறது. இறப்பு எதுவும் இல்லை என்றாலும், பால் மறந்ததில் ஏற்கெனவே எடை குறைந்த குட்டிகள் மறுபடியும் பின்தங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

தீவனம் தருபவர், அயர்ச்சி நீக்கும் பொடி ஒன்றை ஊசி போடும் நாளிலிருந்து மூன்று நாள்களுக்குத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம், ஈஸ்ட் செல் சுவர், மூலிகைச் சாறு என்று பையின் மேல் எழுதியிருக்கிறது. எது எவ்வளவு என்று எழுதவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் குடிநீரில் பாரசிட்டமால் கலந்தாலே போதும் என்கிறார். இவற்றில் எது உண்மையில் பயன் தரும், எப்போது தொடங்க வேண்டும், இவை தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடாதா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கால்நடை மருத்துவர்

உங்கள் குட்டிகள் படுத்துக் கிடப்பதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தடுப்பூசியே உண்டாக்கும் எதிர்வினை. ஊசி மருந்தில் உள்ள கிருமிப் பகுதியையும், அதனுடன் சேர்த்திருக்கும் எண்ணெய் அல்லது அலுமினிய ஹைட்ராக்சைடு போன்ற ஊக்கிப் பொருளையும் கண்டவுடன், ஊசி இறங்கிய இடத்தில் உள்ள பாதுகாப்பு அணுக்கள் இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகிய அழற்சிச் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. இவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டும்போது உடல் வெப்பம் ஏறுகிறது, பசி அடங்குகிறது, உறக்கம் வருகிறது. இயல்பாக 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் பன்றியின் உடல் வெப்பம் 40-ஐத் தாண்டி, பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தானாகவே இறங்கிவிடும். உடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் இது. எனவே இதை அடியோடு இல்லாமல் செய்ய நினைப்பது சரியான நோக்கம் ஆகாது. எதிர்வினை மிகாமல் பார்த்துக்கொள்வதும், அந்த நாள்களில் குட்டி தன் தசையைக் கரைத்துக்கொள்ளாமல் தாங்குவதும்தான் தீவனத்திடம் நாம் எதிர்பார்க்கக்கூடியவை.

மற்றொன்று, பிடித்தல், விரட்டுதல், கூச்சல், குழுவைக் கலைத்தல், வெயில் ஆகியவற்றால் வரும் அயர்ச்சி. இதில் கார்ட்டிசால் என்ற அயர்ச்சி ஹார்மோன் உயர்ந்து, நாம் தூண்ட விரும்பும் நிணநீர் அணுக்களின் வேலையையே மட்டுப்படுத்துகிறது. இந்தப் பகுதியை எந்தப் பொடியும் ஈடு செய்யாது.

பொடியைக் கலக்கும் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்ட அன்று குட்டி தீவனமே எடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று தீவனத்தில் கலந்த சேர்க்கை தொட்டியில்தான் இருக்கும். குட்டியின் வயிற்றுக்குள் போயிருக்காது. வைட்டமின் ஈ போன்றவை திசுக்களில் சேர்வதற்கு நாள்கள் தேவை என்பதால், ஊசிக்கு ஒன்றிரண்டு வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதைக் குடிநீர் வழியாகக் கொடுங்கள். பசியற்ற பன்றிகூடத் தண்ணீரைத் தீவனம் அளவுக்கு ஒதுக்குவதில்லை.

பாரசிட்டமாலைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் பன்றிகளுக்குக் குடிநீரில் கொடுக்கும் வடிவம் உள்ளது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்பது அதன் அளவு. ஆனால் மூச்சு மண்டல நோய்களில் வரும் காய்ச்சலுக்குத்தான் அது அனுமதி பெற்றிருக்கிறது. பாரசிட்டமால் அடக்குவது காய்ச்சலை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை; அதற்கு எதிர்ப்புப் புரதம் உருவாவதிலும் பங்கு உண்டு. மனிதக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும் முன்பே பாரசிட்டமால் கொடுத்தபோது சில தடுப்பூசிகளுக்கு எதிர்ப்புப் புரத அளவு குறைந்ததை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பன்றிகளுக்கும் அப்படியே நேரும் என்று நான் வாதிடவில்லை. இருந்தாலும், எல்லாக் குட்டிகளுக்கும் முன்கூட்டியே கலந்து கொடுக்கும் பழக்கம் வேண்டாம். உண்மையிலேயே கடும் காய்ச்சலில் தவிக்கும் குட்டிகளுக்கு உங்கள் மருத்துவர் பார்த்துக் கொடுப்பதே முறை.

ஊசி போட்ட சில நிமிடங்களில் வாந்தி எடுப்பது, மேல்மூச்சு வாங்குவது, தோல் நீலம் பாரிப்பது, சரிந்து விழுவது ஆகியவை வேறு வகை. அது கடும் ஒவ்வாமை. அதற்கு அட்ரினலின்தான் மருந்து. ஊசி போடும் நாளில் அது கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

பதில் 2: தீவனக் கலவையாளர்

மருத்துவர் ஐயா கூறியதை ஏற்று, தீவனப் பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பையின் மேல் அளவு எழுதாத பொடியை நான் வாங்க மாட்டேன். செலினியம் அதில் இருக்கிறது என்ற ஒரு காரணமே போதும். பன்றிக்குத் தேவைப்படும் செலினியம் கிலோ தீவனத்துக்கு 0.15 முதல் 0.3 மில்லிகிராம் வரைதான். 5 மில்லிகிராமைத் தாண்டினால் முடி உதிர்தல், குளம்பு மேல் விளிம்பில் பிளந்து கழலுதல், பின்கால் முடங்குதல் என்று நச்சு தலைகாட்டும். உங்கள் தாது உப்புக் கலவையில் செலினியம் ஏற்கெனவே இருக்கும். அதன்மேல் அளவு தெரியாத இன்னொன்றைக் கொட்டுவது தேவையற்ற ஆபத்து.

என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியவை அமினோ அமிலங்கள். விற்பனைப் பேச்சில் இவை அதிகம் அடிபடுவதில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய நாள்களில் கல்லீரல், ஹாப்டோகுளோபின் முதலிய அழற்சிக் காலப் புரதங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. தசைப் புரதத்தோடு ஒப்பிட்டால் இந்தப் புரதங்களில் டிரிப்டோபேன், பினைல்அலனின் போன்ற அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ளன. தீவனம் உள்ளே போகாத வேளையில் இவற்றை எங்கிருந்து எடுப்பது? தசையைக் கரைத்துத்தான். தசையில் டிரிப்டோபேன் குறைவு என்பதால், வேண்டிய அளவைப் பெறுவதற்கு நிறையத் தசை கரைய நேர்கிறது. அப்போது மிஞ்சும் பிற அமினோ அமிலங்கள் நைட்ரஜன் கழிவாகச் சிறுநீரில் போய்விடுகின்றன. ஊசிக்குப் பின் நீங்கள் காணும் எடை இழப்பில் ஒரு பகுதி பட்டினியால் வந்தது, இன்னொரு பகுதி இந்தக் கரைப்பால் வந்தது.

டிரிப்டோபேனுக்கு வேறு செலவுகளும் உண்டு. அழற்சி தூண்டப்பட்டால் ஐ.டி.ஓ. என்ற நொதி வேகம் எடுத்து அதைக் கைனூரெனினாகச் சிதைக்கிறது. மூளையில் செரோட்டோனின் உருவாவதற்கும் இதே டிரிப்டோபேன்தான் மூலப்பொருள். அதாவது பாதுகாப்பு, பசி, அமைதி ஆகிய மூன்றும் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் போல இந்த ஓர் அமினோ அமிலத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தீவனக் கணக்கில் லைசின் என்ற அமினோ அமிலத்தை அளவுகோலாகக் கொள்வோம்; சாதாரண நிலையில் செரிக்கத்தக்க லைசினில் 17 முதல் 18 விழுக்காடு அளவுக்கு டிரிப்டோபேன் இருந்தால் போதும் என்று கலவை போடுகிறோம். நோய்ச் சுமையோ தடுப்பூசியோ உள்ள காலத்தில் 20 முதல் 22 விழுக்காடு வரை உயர்த்துவது தகும்.

கணக்கு இப்படி வரும். குட்டித் தீவனத்தில் செரிக்கத்தக்க லைசின் 1.2 விழுக்காடு என்று கொள்வோம். டிரிப்டோபேனை லைசினின் 18 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காட்டுக்கு ஏற்ற வேண்டுமானால், தீவனத்தில் அது 0.216 விழுக்காட்டிலிருந்து 0.252 விழுக்காடாக வேண்டும். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 360 கிராம் எல்-டிரிப்டோபேன் கூடுதலாகத் தேவை. இந்தச் சிறு அளவை நேரே கலவை இயந்திரத்தில் கொட்டினால் ஒரு மூட்டையில் மிகுந்தும் மறு மூட்டையில் இல்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகே முழுக் கலவையில் சேர்க்க வேண்டும். திரியோனின் என்ற அமினோ அமிலத்தையும் சற்று உயர்த்தலாம். குடலின் சளிப் படலமும் எதிர்ப்புப் புரதங்களும் அதை நிறைய உள்வாங்குகின்றன.

வைட்டமின் ஈ பற்றி: பால் மறந்த பிறகு குட்டியின் இரத்தத்தில் இதன் அளவு தானாகவே சரிகிறது. நம்மில் பலரும் தடுப்பூசி போடுவதும் சரியாக அந்த வாரங்களில்தான். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2012 அட்டவணை இளங்குட்டிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு 11 முதல் 16 சர்வதேச அலகுகள் என்று குறைந்தபட்சத் தேவையைச் சொல்கிறது. பண்ணைகளில் அதைப்போல் பல மடங்கு சேர்ப்பது வழக்கம். கிலோவுக்கு 100 அலகு கூடுதலாக வேண்டும் என்றால், 50 விழுக்காடு செறிவுள்ள பொடியில் டன்னுக்கு 200 கிராம் போதும்.

வைட்டமின் சி-க்கு நான் முன்னுரிமை தருவதில்லை. பன்றி அதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. பூச்சு இல்லாத வடிவம் தீவனத்தில் விரைவில் சிதைந்தும் போகிறது. ஈஸ்ட் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் பாதுகாப்பு அணுக்களைத் தூண்டக்கூடியது என்பது உண்மை. ஆனால் தூண்டலைக் குறைக்க விரும்பும் நாளில் தூண்டுவதைச் சேர்ப்பது முரண் அல்லவா? கொடுப்பதாக இருந்தால் சில வாரங்கள் முன்பிருந்து சீராகக் கொடுக்க வேண்டும். அப்போதும் பலன் ஒரு பண்ணையைப் போல இன்னொன்றில் வருவதில்லை. மூலிகைச் சாறு என்று பொதுவாக எழுதியிருப்பதைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு எதுவும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மக்காச்சோளத்தைச் சோதியுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உள்ள தீவனத்தைத் தின்ற பன்றிக்கு எந்தத் தடுப்பூசியும் முழுப் பலன் தராது. களிமண் வகை நச்சு உறிஞ்சிகள் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும், டி.ஓ.என். எனப்படும் டிஆக்சிநிவலினால் என்ற மற்றொரு பூஞ்சை நச்சைப் பெரும்பாலும் பிடிக்காது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவு டி.ஓ.என். இருந்தாலே பன்றி தீவனத்தைக் குறைத்துவிடும் என்பதால், நீங்கள் தடுப்பூசியின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு தானியத்துக்கு உரியதாகவும் இருக்கலாம். ஊசிக்கு முந்தைய வாரத்தில் தீவனம் எவ்வளவு தீர்ந்தது என்று கொட்டில்வாரியாக எழுதி வைத்திருக்கிறீர்களா?

பதில் 3: தாய்ப்பன்றிக் கொட்டில்

இருவரும் விளக்கமாக எழுதிவிட்டதால், கொட்டிலுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். சேர்க்கைகளுக்குச் செலவிடும் முன் ஊசி போடும் முறையைச் சீர் செய்யுங்கள் என்பதே என் வாதம். அதற்குச் செலவும் குறைவு.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த எண்ணெய் மருந்தைச் சில்லென்று தசைக்குள் செலுத்தினால் குட்டி அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். கொல்லப்பட்ட கிருமித் தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரியில் பாதுகாத்து, போடும் முன் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மெல்லக் குலுக்கிப் பிறகு போட வேண்டும். உறைந்துபோன மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஊசி மழுங்கினால் தோலைத் துளைப்பதற்குப் பதில் கிழிக்கிறது; மறுநாள் கழுத்தில் வரும் புடைப்புக்குப் பல நேரம் மருந்தைவிட மழுங்கிய ஊசியே காரணம். கொட்டிலுக்கு ஓர் ஊசி என்று மாற்றுங்கள். காதுக்குப் பின்னே, கழுத்துப் பகுதியில், செங்குத்தாகப் போடுங்கள். ஊசி குட்டையாக இருந்து மருந்து கொழுப்பில் தேங்கினால் வீக்கமும் வரும், பாதுகாப்பும் வராது. உயிருள்ள தடுப்பூசியாக இருந்தால் சிரிஞ்சை ஸ்பிரிட்டால் கழுவாதீர்கள். அதன் ஈரமே மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

பால் மறக்கச் செய்தல், இடம் மாற்றுதல், காயடித்தல், தடுப்பூசி ஆகிய அனைத்தையும் ஆள் வந்த ஒரே நாளில் முடித்துவிடும் பழக்கம் பல பண்ணைகளில் இருக்கிறது. ஆளுக்கு அது வசதி, குட்டிக்கு அது தண்டனை. மருத்துவரிடம் அட்டவணையைக் கேட்டுக்கொண்டு, முடிந்தவரை பிரித்து வையுங்கள். வெயில் காலத்தில் அதிகாலையிலேயே வேலையை முடியுங்கள். குட்டியின் பின்காலைப் பிடித்துத் தூக்காமல், ஒரு பலகையால் மூலைக்கு ஒதுக்கி நெருக்கமாக நிறுத்திப் போட்டால் ஓட்டமும் கூச்சலும் பாதியாகக் குறையும்.

தண்ணீரைப் பற்றி மருத்துவர் மேலோட்டமாகவே சொன்னார். எலக்ட்ரோலைட் எனும் உப்புச் சத்தைக் கலக்கும் முன், குட்டிகள் நீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளில் ஒரு குவளையைப் பிடித்துப் பாருங்கள். சிறு குட்டிகளுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். காய்ச்சலில் இருக்கும் குட்டி, சொட்டும் நிப்பிளில் நின்று போராடாது, படுத்துவிடும். உப்புச் சத்து கலந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டு அதுவும் தீர்ந்துபோகும்படி விட்டால் உப்பு நச்சாகி, குட்டி சுவரில் தலையை முட்டி நிற்பதையும் வலிப்பு வந்து விழுவதையும் காண நேரும். ஆகவே கலந்த நீர் ஒரு புறமும் வெறும் நீர் மறு புறமும் எப்போதும் இருக்கட்டும்.

வெண்பன்றிக் கொட்டில்

மூவருக்கும் நன்றி. ஊசிக்கு முந்தைய வாரத் தீவனக் கணக்கு என்னிடம் இல்லை. இனி எழுதி வைக்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. லாசோனியா என்ற பாக்டீரியாவால் வரும் குடல் அழற்சி நோய்க்குக் குடிநீரில் கொடுக்கும் தடுப்பூசியை அடுத்த தொகுதியிலிருந்து தொடங்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் குடிநீரில் அமிலச் சேர்க்கை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடரலாமா? மேலும், டிரிப்டோபேனையும் வைட்டமின் ஈ-யையும் ஊசிக்கு முன்னும் பின்னுமாகச் சில நாள்களுக்கு மட்டும் உயர்த்தினால் போதுமா, தொடர்ந்து கொடுக்க வேண்டுமா?

கால்நடை மருத்துவர்

நல்ல வேளை, தொடங்கும் முன் கேட்டீர்கள். அது உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்ட தடுப்பூசி. ஊசி மருந்துக்குத் தீவனச் சேர்க்கையால் நேரடிக் கேடு அரிது. வாய்வழித் தடுப்பூசிக்கோ சேர்க்கைதான் முதல் எதிரி. அமிலமும் குளோரினும் குழாயிலேயே அதைக் கொன்றுவிடும். எனவே அமிலச் சேர்க்கையையும் குளோரினையும் முன்கூட்டியே நிறுத்தி, குழாயை வெறும் நீரால் அலசி, தடுப்பூசி லேபிளில் சொல்லியிருக்கும் நிலைப்படுத்தியை அல்லது கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கலந்த நீரில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். கலந்த நீர் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவுக்கே இருக்கட்டும். அந்தக் கிருமியைக் கொல்லக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லி தீவனத்தில் இருந்தால், கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து கொடுத்த பின் மூன்று நாள் வரை அறவே கூடாது. குட்டித் தீவனத்தில் மருந்து கலந்து வருகிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

இன்னொன்று, உங்கள் கேள்வியில் இல்லாதது: கருவுற்ற தாய்ப்பன்றிகளுக்குக் காய்ச்சலை உண்டாக்கும் எண்ணெய்த் தடுப்பூசிகளைச் சினையின் முதல் மாதத்தில் தவிர்ப்பது நல்லது. கரு பதியும் காலத்தில் வரும் காய்ச்சல் கருவைக் கலைத்துவிடக்கூடும். அங்கே சேர்க்கைகளை நம்பி நாளைத் தள்ளாதீர்கள்.

தீவனக் கலவையாளர்

இரண்டாவது ஐயத்துக்கு விடை: வைட்டமின் ஈ-யைப் பால் மறக்கும் தீவனத்திலேயே உயர்த்தி, கடைசித் தடுப்பூசி முடியும் வரை தொடருங்கள். டிரிப்டோபேனை ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து, குட்டிகள் பழைய அளவுக்குத் தீவனம் எடுக்கத் தொடங்கும் வரை உயர்த்தினால் போதும். ஆனால் உங்கள் தடுப்பூசிகள் இரண்டு மூன்று வார இடைவெளியில் அடுத்தடுத்து வருமானால், நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதைவிட அந்தக் கட்டம் முழுவதற்கும் ஒரே கலவையாகப் போடுவதுதான் ஆலையில் பிழையைக் குறைக்கும்.

எதைச் சேர்த்தாலும் எல்லாக் கொட்டிலுக்கும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். ஒத்த வயதும் ஒத்த எடையும் உள்ள குட்டிகளை இரண்டு வகையாகப் பிரித்து, சில கொட்டில்களுக்குப் பழைய தீவனத்தையும் சிலவற்றுக்குப் புதிய கலவையையும் கொடுங்கள். ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே தொகுதி எண் கொண்ட மருந்தைப் போடட்டும். ஊசிக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் தினமும் மிஞ்சிய தீவனத்தை நிறுத்து எழுதுங்கள். குட்டிகளை ஊசி போடும் காலையில் ஒரு முறையும், இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும் எடை போடுங்கள். முதல் இரண்டு நாள் சுணக்கம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். அதைக் கண்டு சேர்க்கை பயனில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பின் எந்தக் கொட்டில் விரைவாகப் பழைய அளவை எட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். இரண்டு மூன்று தொகுதிகளில் பார்த்தும் எடையில் எதுவும் தெரியவில்லை என்றால், அந்தச் செலவை நிறுத்திவிட்டு ஊசிக்கும் நிப்பிளுக்கும் செலவிடுங்கள்.